சிவிக் என்னும் சிறு வண்டியின் சரித்திரம்

அரசர்களின் சரித்திரத்தை எழுதுவோர் எந்த நாட்டிலும் பலர் உளர். எந்த ஆண்டில் யார் பட்டத்துக்கு வந்தார், யார்மீது படையெடுத்தார், எத்தனை கோயில் கட்டினார் என்பவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் உருப்போட்டுத் தேறுகின்றனர். மக்கள் அன்றாடம் கையாளும் கருவிகளின் சரித்திரமோ தேடுவாரற்றுக் கிடக்கின்றது. தையல் யந்திரமும் மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் மனித வாழ்க்கையை மாற்றிய அளவுக்கு எத்தனை அரசர்கள் மாற்றினர் என்று யாரேனும் கணக்கிட்டதுண்டா? இன்று நாம் எடுத்துக்கொண்டது அத்தகைய கருவி ஒன்றன் வரலாறு. ஜப்பான் தேசத்து ஹோண்டா கம்பெனியார் 1972ஆம் ஆண்டு முதல் செய்துவரும் சிவிக் என்னும் வண்டியே அது.

இவ்வண்டி இதுகாறும் 11 தலைமுறை கண்டிருக்கின்றது. 2021ஆம் ஆண்டில் 11ஆம் தலைமுறை வெளிவந்தபோது உலகெங்கும் விற்பனையான சிவிக் வண்டிகளின் தொகை 2 கோடியே 70 இலட்சம் என்று கம்பெனியார் கணக்குக் கொடுத்தனர். நம் மலேசியாவில் இவ்வண்டி ஓடாத பட்டணமில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையிலும், லயத்து வாசலிலும், பழைய சிவிக் ஒன்று நிற்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். கண்டதோடு, அதன் நான்கு சக்கரங்களுக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கப்பட்டதையும், முன்கண்ணாடியில் விபூதிப் பட்டை தீட்டப்பட்டதையும் கூடவே கண்டிருப்பார்கள். பூசாரி ஐம்பது வெள்ளி தட்சிணை வாங்கிக்கொண்டு, எந்த ஜாமத்தில் வண்டியை எந்தத் திசைக்கு ஓட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போவார். அந்த யந்திரத்தைக் கண்டுபிடித்த மூளைகள் எவை, அவை எந்தப் பாட்டைப் பட்டன என்று கேட்பார்தாம் இல்லை. அக்கேள்விக்கு நம்மால் இயன்ற விடையை எழுதவே இதைத் தொடங்கினோம்.

ஜப்பானில் ஷிஸுவோக்கா மாகாணத்தைச் சேர்ந்த கோமியோ என்னும் கிராமத்தில் 1906ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு கொல்லன் வீட்டில் பிறந்தவர் சோயிச்சிரோ ஹோண்டா. தந்தையார் உலைக்களத்தில் இரும்பு அடித்தவர். பின்னர் மிதிவண்டி பழுது பார்த்தவர். மகனும் கரிபடிந்த கையோடு வளர்ந்தார். 1922ஆம் ஆண்டில் தோக்கியோவுக்குச் சென்று மோட்டார் பட்டறை ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். சேர்ந்தவருக்கு முதலில் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது! பிற்பாடு பிஸ்டன் வளையம் செய்யும் தொழிலில் இறங்கியபோது, உலோக சாஸ்திரம் தமக்குத் தெரியாத குறையை உணர்ந்து, வயது வந்த பிறகு தொழிற்கல்லூரியில் போய் உட்கார்ந்தார். வேண்டிய பாடத்தை மாத்திரம் கேட்டார், பரீட்சைக்குப் போகவில்லை, ஆகவே கல்லூரியார் அவரை நீக்கிவிட்டனர். சாதி பார்த்துத் தொழிலையும், காகிதப் பட்டத்தைப் பார்த்து அறிவையும் அளக்கும் நமக்கு இவ்வரலாறு சிறிது கசக்கவே செய்யும். நம்மவரிடையே கொல்லன் மகனுக்கு நாம் தந்துள்ள இடம் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

யுத்தம் முடிந்த பின், 1946இல், ராணுவத்தார் கழித்துப்போட்ட கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் உண்டாக்கிவந்த சிறு எஞ்சின்களை விலைக்கு வாங்கி, அவற்றை மிதிவண்டியில் பொருத்தி விற்றார். 1948ஆம் ஆண்டு செப்டம்பரில் கம்பெனி பதிவாயிற்று. மறு ஆண்டில் தாக்கியோ புஜிசாவா என்பவர் வந்து சேர்ந்தார். யந்திரம் ஹோண்டாவின் பொறுப்பு; பணமும் விற்பனையும் புஜிசாவாவின் பொறுப்பு. இவ்விருவர் கூட்டில் 1958இல் பிறந்ததுதான் சூப்பர் கப் என்னும் சிறு மோட்டார் சைக்கிள். அதைப்பற்றி மலேசியத் தமிழருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பால்மரக் காட்டில் பாலேற்றிய சைக்கிள் அதுவே.

நிற்க. மோட்டார் சைக்கிளில் உலகத்தை வென்றவர், நான்கு சக்கர வண்டியில் 1963ஆம் ஆண்டில்தான் கால்வைத்தார். அக்காலத்தில் ஜப்பானியத் தொழில் இலாகாவினர், நாட்டில் மோட்டார் கம்பெனிகள் மிகுந்துவிட்டன, இனிப் புதிதாக யாரும் இத்தொழிலில் நுழைய வேண்டாம் என்று சட்டம் கொண்டுவர முயன்றனர். ஹோண்டா வெகுண்டெழுந்தார். அரசாங்கம் சொல்லி நான் தொழிலை நிறுத்துவதா என்று அதிகாரிகளிடம் நேரில் வாதாடினார். அச்சட்டம் நிறைவேறாமலே போயிற்று. 1967இல் என்-360 என்னும் குட்டி வண்டி வெளிவந்து ஏராளமாக விற்றது. ஆனால் 1970இல் அவ்வண்டி ஓட்டத்தில் ஆபத்தானது என்று பயனீட்டாளர் சங்கமொன்று குற்றஞ்சாட்டியதும் விற்பனை வீழ்ந்தது. 1969இல் விட்ட ஹோண்டா 1300 என்னும் வண்டியோ ஆரம்ப முதலே தோல்வி. கம்பெனி நான்கு சக்கரத் தொழிலைக் கைவிட்டுவிடுமோ என்று பலரும் ஐயுறும் நிலைமை ஏற்பட்டது.

அத்தோல்விக்குக் காரணம் வேறு யாருமல்லர், ஹோண்டாவே. இதனைச் சிறிது விரிவாகச் சொல்லுதல் வேண்டும்; ஏனெனில், சிவிக் வண்டியின் பிறப்பு இதில்தான் அடங்கியிருக்கின்றது.

எஞ்சின் சூடேறினால் அதனைக் குளிர்விக்க இரண்டு வழி உண்டு. நீரைச் சுற்றவிட்டு, அந்நீரின் சூட்டை ரேடியேட்டரில் காற்றால் தணிப்பது ஒரு வழி. காற்றையே நேராக எஞ்சின்மீது பாயவிடுவது மற்றொரு வழி. எப்படியும் கடைசியில் குளிர்விப்பது காற்றுதானே, இடையில் நீர் எதற்கு என்பது ஹோண்டாவின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. மோட்டார் சைக்கிளுக்கு அது சரிப்பட்டும் வந்தது. ஆனால் பெரிய எஞ்சினில் காற்றை மாத்திரம் நம்பினால் சூடு ஓரிடம் போல் ஓரிடம் இராது, எஞ்சினும் கனக்கும், சத்தமும் மிகும். 1968ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரில் நடந்த பந்தயத்தில், காற்றுக்குளிர்ச்சி எஞ்சின் பூட்டிய ஹோண்டாப் பந்தய வண்டி தடம் புரண்டு தீப்பிடிக்க, ஜோ ஷ்லெஸ்ஸர் என்னும் பிரெஞ்சு வீரர் அதில் எரிந்து மாண்டார். அதன் பின்னும் ஹோண்டா தம் பிடியை விடவில்லை. மறு ஆண்டில் வந்த 1300 வண்டியும் காற்றுக்குளிர்ச்சி வண்டியே.

ஆராய்ச்சிக்கூடத்து இளைஞர்கள் மனம் புழுங்கினர். வண்டிப் புகையின் நஞ்சைக் குறைக்க வேண்டுமானால் எஞ்சினின் சூட்டைத் திட்டமாக ஆள வேண்டும். அதற்கு நீரே ஏற்றது என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆனால் எதிரே இருப்பவரோ கம்பெனியைத் தோற்றுவித்தவர். யந்திரக் கலையில் மேதை. கோபம் வந்தால் கையிலுள்ள கருவியை எறியக்கூடியவர். யார் சொல்வது? இறுதியில் அவர்கள் புஜிசாவாவிடம் முறையிட்டனர். புஜிசாவா யந்திரம் அறியாதவர். அவர் ஹோண்டாவிடம் யந்திர விவாதம் செய்யவில்லை. தாங்கள் இக்கம்பெனியின் தலைவராக இருக்க விரும்புகிறீர்களா, எஞ்சினியராக இருக்க விரும்புகிறீர்களா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று மாத்திரம் கேட்டார். ஹோண்டா சற்றுநேரம் பேசாதிருந்து, தலைவனாகவே இருக்க வேண்டும் என்றார். அப்படியானால் நீர்க்குளிர்ச்சி எஞ்சின் செய்ய இளைஞருக்கு அனுமதி உண்டா என்றார் புஜிசாவா. உண்டு என்று பதில் வந்தது.

சிவிக் வண்டி பிறந்தது அந்த ஒரு சொல்லால். 1972ஆம் ஆண்டு ஜூலை மாதம் அது விற்பனைக்கு வந்தது. நீளம் 3,405 மில்லிமீட்டர், 12 அங்குலச் சக்கரம், 1,169 கன சென்டிமீட்டர் கொண்ட நீர்க்குளிர்ச்சி எஞ்சின், 60 குதிரைத்திறன். எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கும் அமைப்பு, 1959இல் அலெக் இஸிகோனிஸ் என்பவர் இங்கிலாந்தில் மினி வண்டியில் செய்துகாட்டியதுதான். ஹோண்டா இளைஞர்கள் அதை மேலும் செம்மைப்படுத்தினர். யந்திரம் அடைக்கும் இடத்தைக் குறைத்து ஆட்கள் அமரும் இடத்தைப் பெருக்கினர். நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேடுபள்ளத்தைத் தாங்குமாறு செய்தனர். சில வாரங்களில் பின்புறம் முழுவதும் கதவாகத் திறக்கும் மூன்று கதவு வண்டியும் வந்தது. ஆங்கிலத்தில் சிவிக் என்பது குடிமக்களைச் சார்ந்தது என்னும் பொருளுடைய சொல். புலியென்றும் மின்னலென்றும் பெயர் சூட்டும் மோட்டார் உலகில் குடிமகனின் பெயரைச் சூட்டியது நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது.

இனி, புகையின் கதை. 1970ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி தோக்கியோ நகரில் ஒரு பள்ளியின் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த மாணவிகள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, மயங்கி விழுந்தனர். வண்டிப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் கலந்து உண்டான நச்சுப் பனியே காரணம் என்று அறியப்பட்டது. அதே ஆண்டின் இறுதி நாளில் அமெரிக்காவில் காற்றுத் தூய்மைச் சட்டத் திருத்தம் கையெழுத்தாயிற்று. செனட்டர் எட்மண்ட் மஸ்கி முன்னின்று கொணர்ந்த அச்சட்டம், 1975ஆம் ஆண்டு வண்டிகளில் கார்பன் மோனாக்ஸைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் பத்தில் ஒன்பது பங்கு குறைந்தாக வேண்டும் என்றும், அடுத்த ஆண்டில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் அவ்வாறே குறைய வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அமெரிக்காவின் மூன்று பெரிய கம்பெனிகளும் இது ஆகாத காரியம் என்று ஓலமிட்டன, தவணை கேட்டன, 1973 ஏப்ரலில் ஓராண்டுத் தவணையும் பெற்றன.

ஆகாத காரியம் என்று அவர்கள் சொன்னதை ஹோண்டா இளைஞர்கள் எவ்வாறு ஆக்கிக் காட்டினர் என்பது யந்திரம் அறியாதாருக்கும் விளங்கக்கூடியதே. பெட்ரோல் ஆவியோடு காற்றை மிகுதியாகக் கலந்தால் நன்றாக எரிந்து நஞ்சு குறையும். ஆனால் அத்தகைய மெலிந்த கலவை எளிதில் தீப்பற்றாது. நம் வீட்டுப் பெண்கள் ஈர விறகை என்ன செய்கின்றனர்? காய்ந்த பன்னாடையைக் கொளுத்தி அடியில் வைக்கின்றனரன்றோ? அவ்வாறே ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் ஒரு சிறு அறை அமைத்து, அதற்கெனத் தனியாக ஒரு சிறு வால்வும் வைத்து, அச்சிற்றறைக்குள் மாத்திரம் செழித்த கலவையை விட்டனர். தீப்பொறி முதலில் அதைப் பற்றவைக்க, அங்கிருந்து தீக்கொழுந்து கீழே பாய்ந்து, பெரிய அறையிலுள்ள மெலிந்த கலவையை நிதானமாகவும் முற்றாகவும் எரித்தது. முற்றாக எரிந்ததால் மோனாக்ஸைடும் மீந்த ஆவியும் குறைந்தன. நிதானமாக எரிந்ததால் வெப்பம் உச்சத்துக்கு ஏறாமல் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் குறைந்தன. சிற்றறை வைப்பது புதிய எண்ணமன்று. அதனைப் புகைக்கு மருந்தாக்கியதே புதிது. இதற்கு சி.வி.சி.சி. என்று பெயரிட்டனர். 1972 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு நிலையத்தார் ஆன் ஆர்பர் நகரில் இதைச் சோதித்தனர். 1975ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்ட முதல் எஞ்சின் என்னும் பெயர் அதற்குக் கிடைத்தது. புகைக்குழாயில் வேறு வடிகட்டும் சாதனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சிறு எஞ்சினுக்குத்தானே இது பொருந்தும் என்று சிலர் ஏளனம் செய்தனர். ஹோண்டா கம்பெனியார் அமெரிக்காவின் செவர்லே இம்பாலா வண்டி ஒன்றை வாங்கி, எட்டு சிலிண்டர் கொண்ட அதன் பெரிய எஞ்சினுக்குத் தங்கள் தலையைப் பொருத்தி, 1973இல் அதே நிலையத்தாரிடம் கொண்டுபோய்ச் சோதனைக்கு நிறுத்தினர். அதுவும் விதிகளுக்கு உட்பட்டது. இதனை நாம் முதன்முதல் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தோம்.

ஆயினும் இக்கதையில் நம் உள்ளத்தைத் தொட்ட பகுதி வேறு. புகைச் சட்டம் வந்ததும் ஹோண்டா மகிழ்ச்சி கொண்டு, பெரிய கம்பெனிகளோடு நாம் ஒரே கோட்டில் நின்று ஓட்டத்தைத் தொடங்க இது அரிய வாய்ப்பு என்று பேசினார். ஆராய்ச்சிக்கூடத்து இளைஞர்கள் அதை ஒப்பவில்லை. நாங்கள் இராப்பகலாக உழைப்பது கம்பெனிகளை முந்துவதற்காகவன்று, மக்கள் மூச்சுவிடும் காற்றைக் கெடுத்த பொறுப்பு மோட்டார் தொழிலுக்கு உண்டு, அதைத் தீர்ப்பதற்காகவே உழைக்கிறோம் என்றனர். தலைவர் சொல்லை மறுத்தார்களே என்று ஹோண்டா சினக்கவில்லை. தம் எண்ணம் பழையதாகிவிட்டது, தாம் விலகும் காலம் வந்துவிட்டது என்று உணர்ந்தார். 1973ஆம் ஆண்டில், வெற்றி கைக்கு வந்த அச்சமயத்திலேயே, ஹோண்டாவும் புஜிசாவாவும் ஒருங்கே பதவி துறந்தனர். தலைமை அவர்கள் பிள்ளைகளுக்குப் போகவில்லை; கம்பெனியில் பொறியாளராக உழைத்து உயர்ந்த கியோஷி கவாஷிமாவுக்குப் போயிற்று.

நம் சங்கங்களையும் கோயில் நிர்வாகங்களையும் இங்கே நினையாதிருக்க முடியவில்லை. முப்பது ஆண்டு நாற்காலியில் இருந்தவர் எழுந்திருப்பதில்லை. எழுந்தால் மகனையோ மருமகனையோ அமர்த்திவிட்டு எழுகிறார். கூட்டத்தில் இளைஞன் ஒருவன் கணக்குக் கேட்டால் அவனுக்குப் பெரியவரை மதிக்கத் தெரியவில்லை என்கின்றனர். இதற்குமேல் எழுதினால் கட்டுரை வண்டியை விட்டுவிடும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அமெரிக்காவில் பெட்ரோல் நிலையங்களின்முன் மைல் கணக்கில் வண்டிகள் காத்துக்கிடந்தன. கப்பல் போன்ற வண்டிகளை ஓட்டிப் பழகிய ஜனங்கள் சிறிய வண்டியைத் தேடத் தலைப்பட்டனர். அதே டிசம்பரில் சி.வி.சி.சி. எஞ்சின் பூட்டிய சிவிக் ஜப்பானில் வெளிவந்தது. பின்னர் 1,488 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு அமெரிக்காவுக்கும் சென்றது. குறைந்த எண்ணெய், குறைந்த நஞ்சு, குறைந்த விலை. குற்றமும் இல்லாமலில்லை. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்புக்கு அதன் தகடு தாங்கவில்லை. சக்கரங்களின்மேல் உள்ள முன்தகடுகள் துருவேறி ஓட்டையாயின. கம்பெனியார் பலருக்கு அவற்றை மாற்றித்தர நேர்ந்தது. மேதைகள் செய்த வண்டியையும் துரு தின்னத்தான் செய்யும்.

1979இல் வந்த இரண்டாம் தலைமுறையைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. முந்தியதைச் சற்றுப் பெரிதாக்கியது. ஆனால் அதன் உடன்பிறப்பொன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஹோண்டா பல்லாடு என்னும் வண்டி சிவிக்கின் உறுப்புக்களால் ஆனது. அதனை உரிமம் பெற்று, இங்கிலாந்தில் பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனியார் 1981இல் டிரையம்ப் அக்ளேம் என்று தங்கள் பெயர் பொறித்து விற்றனர். ஒரு காலத்தில் மலாயாவின் தோட்டத் துரைமாரெல்லாம் ஆஸ்டினும் மோரிஸும் அல்லாத வண்டியை ஏறெடுத்தும் பாரார் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் நாட்டுக் கம்பெனியே ஜப்பானியக் கொல்லன் மகனின் வண்டிக்குத் தன் முத்திரையைக் குத்தி விற்கும் நாள் வந்தது.

மூன்றாம் தலைமுறை 1983 செப்டம்பரில் வந்தது. மனிதனுக்கு இடம் மிகுதி, யந்திரத்துக்கு இடம் குறைவு என்னும் கொள்கை இதில் முழு உருப்பெற்றது. மேற்கூரை பின்கோடிவரை நீண்டு, பெட்டி போன்ற வடிவம் அமைந்தது. சிலிண்டருக்கு மூன்று வால்வு வீதம் பன்னிரண்டு வால்வு எஞ்சின் வந்தது. 1987இல் நான்காம் தலைமுறை வந்தபோது சிறு வண்டியில் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தனர். உயர்ந்த விலை வண்டிகளிலும் பந்தய வண்டிகளிலும் காணப்படும் இரட்டைக் கைத் தாங்கியை முன்னும் பின்னும் அமைத்தனர். வளைவில் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போயிற்று. சி.வி.சி.சி.யின் காலம் அதற்குள் முடிந்துவிட்டது. புகையை வடிகட்டும் வினையூக்கிக் குழாயும், கணக்கிட்டுப் பெட்ரோலைத் தெளிக்கும் மின்கருவியும் மலிந்தபின் சிற்றறைக்கு வேலையில்லாது போயிற்று. கண்டுபிடித்தவர்களே அதைக் கைவிட்டதில் வருத்தம் கொள்ளவில்லை. பழையது என்பதற்காக ஒன்றைக் கட்டிக்கொண்டு அழும் வழக்கம் யந்திர உலகில் இல்லை.

1989இல் வி-டெக் என்பது வந்தது. ஓடுகிறவன் விடும் மூச்சு வேறு, நடக்கிறவன் விடும் மூச்சு வேறு. எஞ்சினுக்கு அதுவரை ஒரே மூச்சே இருந்தது. மெதுவாய்ச் சுழலும்போது வால்வுகளைச் சிறிதளவும், வேகமாய்ச் சுழலும்போது அதிகமாகவும் நெடுநேரமும் திறக்குமாறு, வெவ்வேறு வடிவுள்ள இரண்டு கேம்களை ஒரே தண்டில் வைத்து, எண்ணெய் அழுத்தத்தால் நகரும் சிறு ஊசியொன்றைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறச் செய்தனர். இன்டெக்ரா வண்டியில் அதே ஆண்டு ஏப்ரலில் முதலில் வந்து, செப்டம்பரில் சிவிக்கில் ஏறிற்று. 1,600 கன சென்டிமீட்டர் எஞ்சினில் 160 குதிரைத்திறன். அதாவது லிட்டருக்கு நூறு. சுழலியந்திரம் கொண்டு காற்றைத் திணிக்காமல் இதைச் சாதித்தனர்.

மலேசிய இளைஞர் கூட்டம் சிவிக்கின்மேல் பித்தங்கொண்டது இங்கேதான். 1991 செப்டம்பரில் வந்த ஐந்தாம் தலைமுறையும், 1995இல் வந்த ஆறாம் தலைமுறையும் இன்றும் நம் பட்டறைகளில் பொன்னாய்ப் போற்றப்படுகின்றன. ஜப்பானில் கழித்த வண்டியின் முன்பாதியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து விற்பார்கள். அதற்கு ஹாஃப் கட் என்று பெயர். அதிலுள்ள வி-டெக் எஞ்சினைக் கழற்றிச் சாதாரணச் சிவிக்கில் பூட்டிக்கொள்வார்கள். வேறு படிப்பு வாய்க்காத எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் இப்பட்டறைகளில்தான் கருவி பிடிக்கக் கற்றனர் என்பதை நாம் அறிவோம். அதனைப் போற்றுகிறோம். ஆனால் அவ்வெஞ்சினோடு நள்ளிரவில் நெடுஞ்சாலைக்குப் போய்ப் பந்தயம் விட்டு, மரத்தில் மோதி, பெற்றவளை அழவைத்த பிள்ளைகளையும் அறிவோம். ஆறாம் தலைமுறையில் 1997ஆம் ஆண்டு 185 குதிரைத்திறனுடன் வந்த டைப்-ஆர் என்னும் வண்டி பந்தயக் களத்துக்கென்று செய்தது. களத்தில் ஓட்டட்டும்.

ஐந்தாம் தலைமுறை வெளிவருவதற்கு ஒரு மாதத்துக்கு முன், 1991 ஆகஸ்டு 5ஆம் தேதி, சோயிச்சிரோ ஹோண்டா காலமானார். பதவி விலகிய பின் அவர் ஜப்பான் முழுதும் சுற்றித் தம் கம்பெனியின் ஆலைகளிலும் கடைகளிலும் உழைப்பவர்களைத் தேடிச்சென்று ஒவ்வொருவர் கையையும் பற்றி நன்றி சொன்னார். எண்ணெய்க் கையென்று வெட்கி, கழுவிவர ஓடிய ஒருவனைத் தடுத்து, அக்கையையே பிடித்துக் குலுக்கினார் என்று சொல்வார்கள். தமக்குப் பெரிய சாவு ஊர்வலம் வேண்டாம், மோட்டார் செய்து பிழைத்தவன் சாவினால் சாலையில் நெரிசல் ஏற்படலாகாது என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார். அவ்வாறே கம்பெனி சார்பில் பெருஞ்சடங்கு நடத்தப்படவில்லை. நன்றி கூறும் கூட்டமே நடந்தது. பதினாறாம் நாள் கருமாதிக்குச் சேட்டிடம் வட்டிக்கு வாங்கும் நம் குடும்பங்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறோம்.

ஏழாம் தலைமுறை 2000ஆம் ஆண்டிலும் எட்டாவது 2005இலும் வந்தன. ஏழாவதில் முன்பக்க இரட்டைக் கைத் தாங்கி எடுக்கப்பட்டு எளிய அமைப்பு வைக்கப்பட்டதில் பழைய அன்பர்களுக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் அதே தலைமுறையில்தான் பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்த கலப்பு வண்டி 2001 இறுதியில் தோன்றியது. வண்டியோ தலைமுறைக்குத் தலைமுறை பருத்துக்கொண்டே வந்தது. சிவிக் விட்ட இடத்தை நிரப்ப, 2001இல் பிட் என்றும் ஜாஸ் என்றும் வழங்கும் வேறொரு சிறு வண்டியைச் செய்ய நேர்ந்தது. இன்று அந்தக் குட்டியே 1972ஆம் ஆண்டுச் சிவிக்கைவிடப் பெரிது. ஜப்பானில் சிவிக்கை வாங்குவார் குறைந்து, எட்டாம் தலைமுறையோடு அங்கே விற்பனையை நிறுத்திவிட்டனர். பிறந்த ஊரில் இடமில்லாமல் பிற தேசங்களில் வாழ்ந்தது அவ்வண்டி. 2017இல்தான் திரும்பிச் சென்றது.

ஒன்பதாம் தலைமுறைக்கு 2011 கெட்ட ஆண்டு. மார்ச்சில் ஜப்பானில் பூகம்பமும் கடற்பேரலையும். அக்டோபரில் தாய்லாந்தின் அயூத்தியாவில் பெருவெள்ளம். அங்கிருந்த ஹோண்டா ஆலையின் முற்றத்தில் நின்ற புது வண்டிகள் கூரைவரை மூழ்கின. அவற்றின் உறுப்புக்களைக்கூட யாரும் எடுத்து விற்றுவிடலாகாது என்று, 1,055 வண்டிகளை யந்திரத்தால் நசுக்கி அழித்தனர். அமெரிக்காவிலோ பயனீட்டாளர் பத்திரிகை, இவ்வண்டியின் உட்புறம் மட்டமாயிருக்கிறது என்று கண்டித்துத் தன் சிபாரிசை விலக்கிக்கொண்டது. கம்பெனியார் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு வண்டியிலேயே குறைகளைத் திருத்தினர்.

பத்தாம் தலைமுறை 2015இல் 1,500 கன சென்டிமீட்டர் டர்போ எஞ்சினோடு வந்தது. நம் மலாக்கா மாநிலத்துப் பெகோ ஆலையிலும் பூட்டப்பெற்றது. இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரத்து ஆலை, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சிவிக் செய்து அனுப்பி வந்தது. அதை மூடப்போவதாக 2019இல் அறிவித்து, 2021 ஜூலையில் மூடினர். சுமார் 3,500 தொழிலாளர் வேலை இழந்தனர். தொழிலாளியின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கிய மனிதரின் கம்பெனிதான் அதுவும். சரித்திரம் எழுதுகிறவன் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் தகாது.

இன்றைய 11ஆம் தலைமுறையில் பின்கதவு வண்டியின் நீளம் ஏறத்தாழ 4,550 மில்லிமீட்டர். முதல் சிவிக்கைவிட ஒரு மீட்டருக்குமேல் கூடுதல். எடையும் இரட்டிப்புக்கு மேலாயிற்று. காற்றுப் பைகளும், மோதல் தாங்கும் எஃகுச் சட்டமும், குளிர்சாதனமும் ஏறியதால் வந்த பருமன் இது. அவற்றால் பிழைத்த உயிர்கள் உண்டாகையால் குறை சொல்வதற்கில்லை. விலையைத்தான் குறை சொல்லுதல் வேண்டும். நம் நாட்டில் புதுச் சிவிக்கின் விலை ஒரு இலட்சம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளி. மாதந்தோறும் செக்ரோல் போடும் கை நம்முடையது. ஆகையால் கணக்குத் தானே வந்து நிற்கிறது. அந்த ஊதியம் பெறும் தொழிலாளி சோறும் துணியுமின்றி 5 ஆண்டுக்குமேல் சேர்த்தால் ஒரு சிவிக் வாங்கலாம். குடிமகன் பெயரைக் கொண்ட வண்டி குடிமகன் கைக்கு எட்டாததாகிவிட்டது.

புதிய கலப்புச் சிவிக்கில் ஒரு வேடிக்கையுண்டு. அதன் பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலான நேரம் சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை, மின்சாரம் உண்டாக்குகின்றது, மின்மோட்டாரே வண்டியை ஓட்டுகின்றது. 1946இல் ஹோண்டா தேடி வாங்கிய தந்திக் கருவி எஞ்சின்களுக்கும் அதுவே வேலையாயிருந்தது.

தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், பழைய சிவிக் வாங்கலாமா, எந்தத் தலைமுறை நல்லது என்று நம்மைக் கேட்பதுண்டு. ஐந்தாவதோ ஆறாவதோ கிடைத்தால் நல்லதுதான். ஆனால் எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்து எண்ணும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்பு, பின்சக்கரங்களின்மேல் உள்ள தகட்டு வளைவுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கட்டும். செதில் செதிலாய் உதிர்ந்தால் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வரட்டும். எலுமிச்சம்பழச் செலவாவது மிச்சம்.